மூன்று இழை குறைகிறது

அத்தியாயம் 11

பிள்ளையார் நோன்பு வந்துவிட்டால் விசாலத்துக்குக் கால் தரையில் பாவாது. இந்த வருஷம் மட்டும் நோன்பன்றைக்குக் காலையில் கண் விழிக்கும்போதே மனசு கனத்துக் கிடந்தது. காரணம், தெற்கு அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

காரணத்தின் பெயர் சிகப்பி ஆச்சி. விசாலத்தின் கணவன் மெய்யநாதனுக்கு மூத்த அக்காள். தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு நாளைக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியோடு காரைக்குடி வீட்டு வாசலில் வந்து நின்று, "நோன்புக்கு வந்தேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போனவர். அன்று பொழுது சாய்வதற்குள் சாவிக்கொத்தைத் தவிர மற்ற எல்லாம் அவர் கைக்குப் போய்விட்டதைச் சென்ற வாரமே பார்த்தோம்.

தன் வீட்டில் மகனையும் மருமகளையும் உட்கார்த்தி நோன்பு நடத்த வேண்டிய பெரிய மனுஷி, அதை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு எதற்கு வந்தார்? விசாலத்துக்கு விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை. நாத்தனாரைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டு அப்புறம் எந்த ஊரில் குடியிருப்பது?

நோன்பு என்றால் சும்மா இல்லை. திருக்கார்த்திகை கழிந்ததும் ஒரு புதுக் கோடி வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஆளுக்கொரு இழையாக நாள் தவறாமல் உருவ வேண்டும். இருபத்தோராம் நாள் மாலையில் அவரவருடைய இருபத்தோர் இழையையும் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் நட்டு, பிள்ளையாருக்கு முன்னால் ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; இதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பதறிப்போவார்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளோ ஆண்டுக்கு ஒரு நாள் நெருப்பைத் தின்றே வளர்கிறவர்கள்.

இதில் விசாலம் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். மூத்தவள் உமையாளுக்கு ஆறு வயது. இளையவன் சம்பந்தத்துக்கு நாலு. விளக்கு வைத்ததும் இரண்டு பேரும் சாமி அறையில் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் இழை உருவுவார்கள். உருவும்போது அன்றைய சேதி ஒன்றைப் பிள்ளையாருக்குச் சொல்ல வேண்டும். அது வேணும் இது வேணும் என்று கேட்கக் கூடாது. சேதி மட்டும்.

"மேல வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு. நெத்தியில வெள்ளையா இருக்கு" என்பாள் உமையாள்.

"இன்னைக்கு நான் ரெண்டு பணியாரம் தின்னேன்" என்பான் சம்பந்தம். மறுநாளும் அதுதான். மூன்றாம் நாள் பணியாரம் மூன்றாகியிருக்கும்.

ஒருநாள் உமையாள் கேட்டாள்: "ஆத்தா, நாம சொல்லலைன்னா பிள்ளையாருக்கு ஊர்ச் சேதி யாரு சொல்லுவா? உட்கார்ந்த இடத்துலயே இருக்காரு, பாவம்." அன்றைக்கு விசாலத்துக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை. பிள்ளை சாமியைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்றால் அப்புறம் என்ன வேண்டும்?

சிகப்பி ஆச்சி வந்த அன்றே இந்த ஏற்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். "சாமிக்கு முன்னால என்ன அரட்டை? வாயை மூடிக்கிட்டு இழையை உருவுங்க. பதினோரு தடவை பாட்டுச் சொல்லுங்க. தப்புத்தண்டா பண்ணினீகன்னா சாமி கண்ணைக் குத்திப்பிடும், ஆமா!"

விசாலம் அடுப்படியில் நின்று கேட்டாள். பெரியவர் பேச்சில் எதற்குக் குறுக்கே போவானேன் என்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அன்று முதல் உமையாள் சாமி அறையைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். முந்தாநாள் அப்படி ஓடி முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணில் முட்டிக்கொண்டு நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. கடைசி இழையைக் காலையிலேயே உருவியாயிற்று. பொரி வகைகளும் எள்ளுருண்டையும் அணிவகுத்திருந்தன. ஆவாரம்பூ வந்துவிட்டது. சிகப்பி ஆச்சி மணைப்பலகையில் உட்கார்ந்து, மாவில் நெய் போதாது என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, உங்க இழையைத் தந்தீகன்னா எல்லாத்தோடயும் சேர்த்துத் திரிச்சு வச்சிருவேன்" என்றாள் விசாலம்.

ஆச்சியின் கை தன்னாலே முந்தானை முடிச்சுக்குப் போனது. "எனக்கு இந்த வருஷம் இழை வேணாம். நெஞ்செரிச்சலா இருக்கு."

"நோன்பன்னைக்கு இழை எடுத்துக்காம இருப்பாகளா ஆச்சி?"

"வேணாம்னா வேணாம். நீ நெய்யை ஊத்து."

காலையில் ஆறு பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிட்ட நெஞ்சு அது. எரிச்சல் இருந்தாலும் இருக்கும் என்று விசாலம் நெய்யை ஊற்றினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இழை எண்ண உட்கார்ந்தாள். ஆளுக்கொரு தகர டப்பா. அவளுடையது இருபத்தொன்று. மெய்யநாதனுடையது இருபத்தொன்று. சம்பந்தத்தின் டப்பாவில் இழையோடு ஓர் எறும்பும் அரைப் பணியாரமும் இருந்தன. ஆனாலும் கணக்கு சரி. உமையாளின் டப்பாவில் பதினெட்டு.

மறுபடி எண்ணினாள். பதினெட்டு. ஓலைப்பாயில் கொட்டி ஒன்றொன்றாகப் பிரித்து எண்ணினாள். பதினெட்டேதான்.

சாய்வு நாற்காலியில் பேப்பரை முகத்தில் போட்டுக் கிடந்த மெய்யநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேப்பரை எடுக்காமலே சிரித்தான். "மூணுதானே? இப்ப உருவிப் போடு. பாதி வீட்டுல நோன்பன்னைக்குத்தான் மொத்தமா உருவுறாக. பிள்ளையாரு என்ன உக்காந்து எண்ணிக்கிட்டா இருக்காரு?"

"உருவுறது பெருசு இல்லைங்க. அவ ஒருநாள் மறந்திருந்தா ஒண்ணு குறையும். மூணு எப்படிக் குறையும்? என்னமோ நடந்திருக்கு."

"எதுனாலும் சட்டுப்புட்டுனு பாரு. சதய நட்சத்திரம் எட்டு மணியோட போயிரும். அதுக்குள்ள இழை எடுத்தாகணும்."

உமையாள் மேல வீட்டுக் கன்றுக்குட்டியோடு கட்டுத்தறியில் கிடைப்பாள் என்று நினைத்தால், நெல் குதிருக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோன்பன்றைக்கு ஊரே எள்ளுருண்டைக்குப் பறக்கும்போது ஒரு பிள்ளை குதிருக்குப் பின்னால் உட்கார்ந்தால் அதைவிடக் கவலை தாய்க்கு என்ன இருக்கிறது?

விசாலமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. டப்பாவைப் பற்றியும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உமையாளே ஆரம்பித்தாள். "ஆத்தா, எனக்கு இழை வேணாம்."

"ஏத்தா? சூடா இருக்கும்னா? போன வருஷம் ஊதி அணைச்சுத்தானே தந்தேன்?"

"சூடு இல்லை. நெருப்பு வயித்துக்குள்ள போனா உள்ள வெளிச்சமாயிரும். பிள்ளையாரு எல்லாத்தையும் பாத்துருவாரு."

விசாலத்துக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தா என்ன?"

உமையாள் பாவாடைக் கொசுவத்துக்குள் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். திறந்தாள். உள்ளே மூன்று இழை.

"இது மூணும் கெட்ட நாளு. அதான் டப்பாவுல போடலை. போட்டா பிள்ளையாருக்குத் தெரிஞ்சுபோகும்ல? கண்ணைக் குத்திருவாருல்ல?" அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "ஆத்தா, அவரு எதால குத்துவாரு? தும்பிக்கையாலயா, தந்தத்தாலயா?"

விசாலம் அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். ஆறு நாளாக இந்தப் பிஞ்சு இந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது, தான் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"என்ன கெட்டது பண்ணினே, சொல்லு."

"ஒருநாள் நோன்புக்குன்னு வச்சிருந்த எள்ளுருண்டையில ரெண்டைத் தின்னுட்டுச் சம்பந்தம் தின்னான்னு சொன்னேன்."

"சரி."

"ஒருநாள் அவன் பம்பரத்தை அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

விசாலத்துக்கு அந்தப் பம்பரம் உலையில் அரிசியோடு வந்து விழுந்த கதை ஞாபகம் வந்தது. "சரி. மூணாவது?"

உமையாள் அம்மாவின் காதுக்கருகில் வந்தாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. குரல் வளவுக்கே கேட்டது. "அயித்தை சீக்கிரம் ஊருக்குப் போயிரணும்னு பிள்ளையாருக்கிட்டக் கேட்டேன். கேக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீக. கேட்டுட்டேன்."

குதிருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. விசாலம் தலையை நீட்டிப் பார்த்தாள். பொரித் தட்டோடு வந்த சிகப்பி ஆச்சி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியதில்லை. முகமே சொன்னது.

விசாலம் எழுந்து ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். 'சின்னப் பிள்ளை, தெரியாமச் சொல்றா ஆச்சி' என்றால் முடிந்தது. மழுப்பினால் மடியில் இருக்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பெரியவர்களுக்கு முன்னால் ஆத்தாளும் பயந்துதான் பேசுவாள் என்பதைத்தானே?

அவள் எழுந்திருக்கவில்லை. உமையாளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பள்ளிக்கூடத்துலருந்து வரும்போது சேத்துல விழுந்துட்டா எங்க ஓடி வருவே?"

"உங்கக்கிட்ட."

"பாவாடையெல்லாம் சேறா இருந்தாலுமா?"

"ஆமா."

"ஏசமாட்டேனா?"

"ஏசுவீக. ஏசிட்டுக் குளிப்பாட்டி விடுவீக."

"பிள்ளையாரும் அவ்வளவுதான். கொஞ்சம் ஏசுவாரு. நல்ல நாளை மட்டும் அவருக்குக் காமிச்சுட்டுச் சேறான நாளை ஒளிச்சு வச்சா, அவரு உன்னைய எப்படிக் குளிப்பாட்டுவாரு? அந்த மூணு இழைதான் அவருக்கு முதல்ல வேணும்."

"கண்ணைக் குத்த மாட்டாரா?"

"மாட்டாரு." இதைச் சொல்லும்போது விசாலம் நாத்தனாரை நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் சொல்லி முடித்தாள். "ஆச்சி, நீங்க பெரியவுக. பாட்டுச் சொல்லிக் குடுங்க, பழக்கவழக்கம் சொல்லிக் குடுங்க, கையைக் கட்டி நிக்கச் சொல்றேன். ஆனா சாமி கண்ணைக் குத்தும்னு மட்டும் இனிமே எம் பிள்ளைகக்கிட்டச் சொல்லாதீக. இவ சாமியைப் பார்த்து ஓடி ஒளியுறதுக்கா நான் இருபத்தோரு நாளா இழை உருவ வச்சேன்?"

சிகப்பி ஆச்சி தட்டைக்கூட எடுக்காமல் திரும்பித் தெற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சேதி மெய்யநாதன் காதுக்குப் போனதும் அவன் பேப்பரைக் கீழே போட்டான். "அக்காவையா? நீயா? நாப்பது வருஷத்துல நான் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசினதில்லையே!" என்றான். திட்டுகிறானா மெச்சுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மணி ஆறு. விளக்கேற்றியாயிற்று. விசாலம் இருபத்தோர் இழையையும் சேர்த்து உமையாளின் திரியைத் திரித்தாள். தெற்கு அறைக் கதவு திறக்கவில்லை. ஆறரை. மூத்தவரை விட்டுவிட்டு இழை எடுக்க முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாரோ, என்னால் அக்காளும் தம்பியும் பிரிந்தார்கள் என்று ஆகிவிடுமோ என்று விசாலம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. சொன்ன நாள் நோன்பாகப் போய்விட்டதே என்றுதான் வருத்தம்.

ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும்போது கதவு திறந்தது. சிகப்பி ஆச்சி முகம் கழுவித் திருநீறு பூசியிருந்தார். பெட்டி கையில் இல்லை. நேரே உமையாளிடம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு நூல் சுருளை அவள் கையில் வைத்தார்.

"எண்ணு."

உமையாள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "பதினஞ்சு. ஆறு குறையுது அயித்தை."

"இங்க வந்ததுலருந்து நான் உருவலை."

"ஏன்?" என்ற உமையாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கண் அகலமாயிற்று. "உங்களுக்கும் கெட்ட நாளா?"

"ஆமாடி" என்றார் ஆச்சி. "ஆறும்."

மெய்யநாதன் வாயைத் திறந்தான். விசாலம் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டான்.

உமையாள் யோசிக்கவே இல்லை. கோடி வேட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அயித்தையின் விரலைப் பிடித்தாள். "வாங்க. இழையை உருவிக்கிட்டே சொல்லணும். ஒரு இழைக்கு ஒரு சேதி. பயப்படாதீக, கொஞ்சந்தான் ஏசுவாரு."

ஆறு நாளாகக் கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்த அறைக்குள் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு நடந்தாள். பின்னால் அறுபது வயது சிகப்பி ஆச்சி போனார். கதவு ஒருக்களித்திருந்தது. ஒட்டுக்கேட்பது தப்பு என்று விசாலத்துக்குத் தெரியும். நகரத்தான் கால் வரவில்லை.

"நான் வீட்டுல யாருக்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறி வந்துட்டேன்." இது முதல் இழை.

"எம் மகன் நாகநாதன் காருல கொண்டாந்து தெரு முக்குல விட்டுட்டுப் போனான்னு தம்பிக்கிட்டப் பொய் சொன்னேன்."

மெய்யநாதன் விசாலத்தைப் பார்த்தான். விசாலம் சுவரைப் பார்த்தாள்.

"இந்தச் சின்னப் பிள்ளையைப் பயங்காட்டினேன். அது தூணுல முட்டிக்கிச்சு." இங்கே ஆச்சியின் குரல் உடைந்தது. அதைத் தொடர்ந்து உமையாளின் குரல்: "இப்ப வலிக்கலை அயித்தை. அடுத்த இழை."

நாலாவதை ஆச்சி மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். மருமகள் மீனாம்பிகையின் பெயர் மட்டும் கேட்டது. மீதி பிள்ளையாருக்கும் உமையாளுக்கும்தான் கேட்டிருக்கும். ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே போயின.

ஏழரைக்கு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிகப்பி ஆச்சி மூத்தவராக இருந்து, மாவைப் பிடித்துத் திரியை நட்டு ஏற்றி ஒவ்வொருவராகக் கொடுத்தார். மெய்யநாதன் வாங்கிக்கொண்டான். விசாலம் வாங்கிக்கொண்டாள். சம்பந்தம் தன்னுடையதை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான்.

உமையாளின் முறை வந்ததும் விசாலம் சுடரை ஊதக் குனிந்தாள். "வேணாம் ஆத்தா, ஊதாதீக" என்றாள் பிள்ளை. "நல்லாப் பாக்கட்டும்." வாயை ஆவென்று திறந்தாள். சுடர் உள்ளே போய் அடங்கியது. வாயைக் குதப்பிக்கொண்டே பிள்ளையாரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், விசாலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் பட்ட பாடு வீண் போகவில்லை என்று அவள் அப்போதே தெரிந்துகொண்டாள்.

கடைசியாகச் சிகப்பி ஆச்சி தன் இழையை எடுத்துக்கொண்டார். நெஞ்செரிச்சல் எங்கே போயிற்றோ, அதன் பிறகு பணியாரம் எட்டு.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆச்சி விசாலத்தைக் கூப்பிட்டார். "காலையில தேவகோட்டை பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"ஆச்சி, நான் மத்தியானம் பேசினதை மனசுல வச்சுக்கிட்டு..."

"அட அதுக்கில்லை விசாலம். அது பேச வேண்டிய பேச்சு. எங்க வீட்டுலயும் ஒருத்தி அப்பவே அப்படிப் பேசியிருந்தா நான் இங்குட்டு வந்திருக்க மாட்டேன்." ஆச்சி கொஞ்சம் தயங்கினார். தயங்கி விசாலம் அவரைப் பார்த்ததே இல்லை. "ஒண்ணு கேக்குறேன், இல்லைங்காதே. உமையாளை ரெண்டு நாளைக்கு எங்கூட அனுப்பு."

"அவளையா? பள்ளிக்கூடம் இருக்கே ஆச்சி. அவ எதுக்கு?"

பதில் சொன்னது, முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த உமையாள்தான்.

"அயித்தைக்குத் துணைக்கு ஆத்தா. நாலாவது இழையில சொன்னதை மீனாம்பிகை ஆச்சிக்கிட்ட நேர்ல சொல்லணும். தனியாச் சொல்ல அவகளுக்குப் பயமா இருக்காம்."